பாசிட்டிவ் சாரின் ரத்த வகை

ஒரகடத்தில் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் ஒரு கம்பெனியில் ரகுபதி எச்.ஆர். அதிகாரி. லீவை மறுப்பது, மெமோ எழுதுவது, கேன்டீன் சாம்பாரைப் பற்றிய புகார்களை வாங்கி ஃபைலில் போடுவது எல்லாம் அவர் சம்பளத்துக்காகச் செய்த வேலைகள். ஆசைப்பட்டுச் செய்தது ஒன்றுதான். திங்கட்கிழமைதோறும் காலை ஷிப்ட் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு, எதையும் நல்லவிதமாக நினைப்பது எப்படி என்று பேசுவார். பிறகு யாராவது ஒருவரைக் காட்டி, இன்றைக்கு என்ன நல்லது நடக்கப் போகிறது என்று கேட்பார். டார்கெட் முடியும் என்பார்கள், பஸ் நேரத்துக்கு வரும் என்பார்கள். எல்லோரும் கை தட்டுவார்கள். தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் பாசிட்டிவ் சார். அது கேலிப் பெயர் என்பது அவருக்குத் தெரியும். அதையும் அவர் நல்லவிதமாகவே எடுத்துக்கொண்டார்.

2011இல் ஒரு திங்கட்கிழமை அவருடைய விரல் இசக்கிபாண்டியைக் காட்டியது. திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து, ஸ்ரீபெரும்புதூரில் நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்த கான்ட்ராக்ட் தொழிலாளி அவன். இருபத்தேழு வயது. சிரிப்புக்கும் அவன் முகத்துக்கும் பழக்கம் குறைவு. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்:

"நாலாம் நம்பர் பிரஸ்ல காவல் கதவு ஸ்பிரிங் தளந்து கெடக்கு சார். இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு யாரு கையாவது போவும். நல்லதுன்னு கேட்டா, இன்னைக்குப் போவாம இருந்தா நல்லது."

வரிசை சிரித்தது. பின்னால் நின்றிருந்த பிளான்ட் மேனேஜர் இராமச்சந்திரன் சிரிக்கவில்லை. மத்தியானத்துக்குள், எதிர்மறை மனப்பான்மையைப் பரப்பியதாக இசக்கிபாண்டிக்கு மெமோ போனது. எழுதியவர் ரகுபதி. பன்னிரண்டாம் நாள் அந்த ஸ்பிரிங் அறுந்தது. நல்லவேளையாக ஒருவருடைய கையுறையின் நுனி மட்டும்தான் போயிற்று. ஸ்பிரிங்கை மாற்றிய இன்ஜினியருக்கு அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் பரிசு கொடுத்தார்கள். பரிசைப் பற்றி மேடையில் பேசியவரும் ரகுபதிதான். மெமோ ஃபைலிலேயே கிடந்தது. அந்த வருடம் பெர்மனென்ட் ஆனவர்களின் பட்டியலில் இசக்கிபாண்டியின் பெயர் இல்லை.

அடுத்த வருடம் சித்திரையில் ரகுபதி பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. பிரஷ் முரடு என்று புது பிரஷ் வாங்கினார். தொடையில் நீலம் பாரித்தது. மேசையில் இடித்திருக்கும் என்றார். நடந்தால் மூச்சு வாங்கியது. வெயில் அப்படி என்றார். மண்ணூரில் அவருடைய வீட்டு மாடிக்குப் பதினாறு படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டாவது படியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி கலைமதி அதற்கு மேல் அவரைப் பேசவிடாமல் ஸ்ரீபெரும்புதூரில் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். மறுநாளே சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டி வந்தது. ரத்தப் புற்றுநோய், வேகமாக வளரும் வகை, ஆனால் குணமாக வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டர். முதலில் ஒரு மாதம் ஆஸ்பத்திரியிலேயே இருக்கவேண்டும், பிறகு விட்டு விட்டு மூன்று தவணை மருந்து ஏற்ற வேண்டும். எல்லாம் விளக்கிவிட்டுக் கடைசியாக, பாசிட்டிவாக இருங்கள், அதுதான் முக்கியம் என்றார்.

அந்த வார்த்தையை ரகுபதி கொடுத்துத்தான் பழகியிருந்தார். வாங்கிப் பழக்கமில்லை. வாங்கி எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதையே கொண்டுவந்தார்கள். இராமச்சந்திரன் பூங்கொத்தோடு வந்தார். கிருமி இருக்கும் என்று நர்ஸ் அதை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டாள். சொந்தக்காரர்கள் சிரித்த முகமாக உள்ளே வந்து, சிரித்த முகமாக வெளியே போய், லிஃப்ட் பக்கத்தில் நின்று அழுதார்கள். கம்பெனியிலிருந்து ஒரு வீடியோ கேட்டார்கள். ரகுபதி தலையணையில் சாய்ந்து, கட்டை விரலை உயர்த்தி, ஜெயித்துவிட்டு வருகிறேன் என்று பேசினார். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. முதல் இரண்டு தடவையும் நடுவிலேயே வாந்தி வந்துவிட்டது. அந்த வீடியோவைக் கேன்டீனில் ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டினார்கள்.

கலைமதியும் சிரித்தாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். அவள் டீ வாங்கக் கீழே இறங்கியதும் அவர் போர்வைக்குள் அழுவார். ஒருவர் அழுதது மற்றவருக்குத் தெரியும். இருந்தாலும் முகத்தைக் கழுவிக்கொண்டு இருவரும் மறுபடி சிரித்தார்கள். இரவுபகலாக இப்படிச் சிரித்ததில் அவருக்குக் கன்னம் வலித்தது. வாயெல்லாம் புண்ணாகியிருந்ததால் அந்த வலி தனியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் ரத்த அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கின. ரத்தமும் ஏற்றவேண்டும், தட்டணுக்களும் ஏற்றவேண்டும் என்றார்கள். ரகுபதியின் ரத்த வகை பி நெகட்டிவ். 'பாசிட்டிவ் சாருக்கு நெகட்டிவ் அவசரமாகத் தேவை' என்று கம்பெனி அறிவிப்புப் பலகையில் யாரோ எழுதி ஒட்டினார்கள். கிண்டலாக எழுதியதல்ல, அவசரத்தில் அப்படி அமைந்துவிட்டது. அறுநூறு பேரில் அந்த வகை ஒன்பது பேருக்கு இருந்தது. மூன்று பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். இரண்டு பேருக்கு உடம்பில் ரத்தமே குறைவு. ஒருவருக்குப் போன வருடம்தான் மஞ்சள் காமாலை. இன்னும் இரண்டு பேர் அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார்கள். அடுத்த வாரத்துக்குக் காத்திருக்க முடியாதே என்று சொல்லிக்கொண்டு, முதல் பஸ் பிடித்து வந்தவன் இசக்கிபாண்டி.

ஒன்றரை மணி நேரம் படுத்து தட்டணுக்களைக் கொடுத்துவிட்டு, கைமடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு, முகத்தில் மாஸ்க்கோடு அவன் அறை வாசலில் வந்து நின்றான். ரகுபதிக்குப் பழக்கத்தில் கட்டை விரல் தானாக உயர்ந்தது. அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"பயமா இருக்கா சார்?" என்று கேட்டான்.

பதினேழு நாளாக அதை யாரும் கேட்கவில்லை. ரகுபதி வழக்கமான பதிலைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆபீசில் ஒருநாளும் பேசாத மண்ணூர்ப் பேச்சு வெளியே வந்தது.

"ரொம்ப பயமா கீதுப்பா."

"இருக்கத்தான் செய்யும்," என்றான் இசக்கிபாண்டி. "ஒங்களப் பாக்க எனக்கே பயமாத்தான் இருக்கு."

அதற்கு மேல் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தான். மருந்து பாட்டில் தொங்கும் கம்பத்தின் ஒரு சக்கரம் சுற்றவில்லை, இழுத்தால் சாயும் என்றான். குளியலறை வாசலில் தண்ணீர் கசிகிறது, வழுக்கும் என்றான். இரண்டையும் நர்ஸிடம் சொல்லி, ஆள் வந்து சரிசெய்யும்வரை நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினான். அன்று மத்தியானம் ரகுபதி மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கினார். கலைமதி பயந்துபோய் இரண்டு தடவை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள்.

அந்த ஒரு மாதம் முடிந்து ரகுபதி வீட்டுக்கு வந்ததும் இசக்கிபாண்டி மண்ணூருக்கு வரத் தொடங்கினான். அவனுக்கு அப்போது மூன்றாம் ஷிப்ட். காலையில் அறைக்குப் போய்க் கொஞ்சம் தூங்கிவிட்டு, பத்து மணிக்குப் பழைய பைக்கில் வந்துவிடுவான். வரும்போதே என்னென்ன கெடக்கூடும் என்று யோசித்துக்கொண்டு வருவான். கரண்ட் போனால் தண்ணீர் காய்ச்ச என்ன செய்வது என்று கேட்டு, ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் வாங்கி வைத்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் வந்து சேராது என்று, பக்கத்துத் தெருவில் டிராவல்ஸ் வண்டி ஓட்டும் கண்ணப்பனின் நம்பரைச் சுவரிலேயே எழுதினான். ஒரு தெர்மாமீட்டர் உடையும் என்று இரண்டு வாங்கினான். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய துணி, ரிப்போர்ட், மாத்திரை எல்லாம் போட்ட பை எப்போதும் கதவோரம் தயாராக இருந்தது.

கலைமதியை முதல் நாள் மேடம் என்றவன் மூன்றாம் நாள் மதினி என்றான். ரகுபதியை மட்டும் கடைசிவரை சார் என்றுதான் கூப்பிட்டான்.

கலைமதி ஒருநாள் புருஷனிடம் சொன்னாள்: "இத்தினி நாளா இந்த வூட்டுல கவலைப்பட ஆளே இல்ல. எல்லாருமா சிரிச்சிகினு இருந்தோம். இப்ப அந்தப் புள்ள வந்து கவலைப்பட்டுக்குது. நான் கொஞ்சம் கண்ண மூடறேன்."

ரகுபதிக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. மெமோ கொடுத்த ஆளுக்கு ஏன் இவ்வளவு செய்கிறான் என்று ஒருநாள் கேட்டேவிட்டார். கோபமில்லையா என்றார்.

"கோவந்தான் சார். இன்னும் போவல," என்றான் இசக்கிபாண்டி. "அது பாட்டுக்கு அது இருக்கும்."

அன்றே ரகுபதி அந்த மெமோவை ரத்து செய்யும்படி இராமச்சந்திரனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்து நாளில் பதில் வந்தது. எதிர்மறை மனப்பான்மைக்காக மெமோ பெற்ற தொழிலாளி, அதன் பிறகு ரத்ததானம் செய்யும் அளவுக்கு நேர்மறையாக மாறியிருப்பது நிர்வாகத்துக்கு மகிழ்ச்சி தருவதாகவும், மெமோவினால் கிடைத்த நல்ல பலனுக்கு இது ஓர் எடுத்துக்காட்டாக இருப்பதால் அதை ஃபைலிலேயே வைத்திருக்க முடிவு செய்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். ரகுபதி அதை இரண்டு தடவை படித்தார். பதிலின் நடை அவர் பயிற்சி கொடுத்த ஜூனியருடையது. குறை சொல்ல இடமில்லாமல் எழுதியிருந்தான்.

இரண்டாம் தவணை மருந்து ஏற்றி முடிந்து வீட்டில் இருந்த சமயம் கம்பெனியின் ஆண்டு விழா வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. ரகுபதிக்கு 'நம்பிக்கை நாயகன்' என்று ஒரு விருது. அரைமணி நேரம் வந்து மேடையில் உட்கார்ந்தால் போதும் என்றார் இராமச்சந்திரன். கூட்டத்துக்குப் போகவே கூடாது என்றார் டாக்டர். மாஸ்க் போட்டுக்கொண்டு ஓரமாக உட்காருவேன், யாரையும் தொடமாட்டேன் என்று ரகுபதி கெஞ்சிக் கெஞ்சி, காய்ச்சல் இல்லாமல் இருந்தால் பார்க்கலாம் என்ற ஒரு வார்த்தையை வாங்கினார். 100.4ஐத் தொட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்பது முதலிலிருந்தே சொல்லப்பட்ட சட்டம்.

சனிக்கிழமை காலை ரகுபதி வெள்ளைச் சட்டை போட்டு, முடியில்லாத தலைக்குத் தொப்பி வைத்து, கண்ணாடி முன்னால் நின்றார். வாரக்கணக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த மனிதர் அன்று பாட்டு முணுமுணுத்தார். லேசாகக் குளிர்ந்தது. அது விழா நினைப்பில் வரும் சிலிர்ப்பு என்று நினைத்துக்கொண்டார். கலைமதி தெர்மாமீட்டரை வைத்தாள். 100.8.

வெயிலில் நின்றதால் இருக்கும் என்றார் ரகுபதி. ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு போய்விட்டு, அப்படியே நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம், பன்னிரண்டு மணிக்குள் அங்கே இருப்போம் என்றார். கலைமதிக்கு மனம் ஆடியது. அவ்வளவு நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை அணைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் கண்ணப்பனின் வண்டியில் இசக்கிபாண்டி வந்து இறங்கினான். அவரை விழாவுக்குக் கூட்டிப்போக வந்தவன். தெர்மாமீட்டரை வாங்கிப் பார்த்தான். இரண்டாவது தெர்மாமீட்டரையும் வைத்துப் பார்த்தான். பிறகு கதவோரத்துப் பையைத் தூக்கி வண்டியில் போட்டான்.

"மண்டபத்துக்குப் போயிட்டுப் போலாம்பா. அர மணி நேரம். ஒண்ணும் ஆவாது," என்றார் ரகுபதி.

"ஆவும் சார்."

"நல்லதா நினையேன், ஒரு நாளாவது."

"இன்னொரு மெமோ வேணும்னாலும் எழுதிக்கிடுங்க," என்றான் இசக்கிபாண்டி. "வண்டி ஆஸ்பத்திரிக்குத்தான் போவும்."

வண்டி கிளம்பியபோது ரகுபதி அவனிடம் பேசக்கூடாது என்று முடிவு செய்திருந்தார். அந்த முடிவை அவர் காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை. தண்டலம் தாண்டும்போதே பல் கிட்டிக்கொண்டு நடுங்கத் தொடங்கியது. பூந்தமல்லியில் லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றுவிட்டது. கலைமதி அவர் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முன்சீட்டில் இருந்த இசக்கிபாண்டி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, இன்ன நோயாளி, இன்ன காய்ச்சல், ரத்த அணு எவ்வளவு என்று சொல்லி முடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். போரூர் வரும்போது ரகுபதிக்கு நினைவு தப்பியது.

ரத்தத்தில் கிருமி கலந்து அழுத்தம் இறங்கியிருந்தது. நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. இரண்டு மணி நேரம் தாமதமாகியிருந்தால் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்று டாக்டர் கலைமதியிடம் சொன்னார். முதல் தடவையாக அவர் பாசிட்டிவாக இருக்கச் சொல்லவில்லை.

விழா நடக்காமல் இல்லை. நாயகன் வரவில்லை என்றதும், நுழைவாசலில் இருந்த ஃப்ளெக்ஸ் பேனரிலிருந்து ரகுபதியின் சிரித்த முகத்தைச் சதுரமாக வெட்டி அட்டையில் ஒட்டி, மேடையில் அவருக்காகப் போட்ட நாற்காலியில் வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் ஆளுயர ரோஜா மாலை கொண்டுவந்திருந்தார். போட ஆளில்லை. மாலையைக் கையில் வைத்துக்கொண்டே நிற்க முடியாமல் அவர் அதைப் படத்துக்குப் போட்டார். பக்கத்தில் ஏற்கெனவே குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. கம்பெனியிலிருந்து மூன்று பஸ்களில் வந்து இறங்கியவர்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் பார்த்தது மாலை போட்ட படமும் விளக்கும்தான். சிலர் செருப்பைக் கழற்றினார்கள். கேன்டீனில் பாத்திரம் கழுவும் செல்லம்மாள் வாய்விட்டு அழுதாள். சாயங்காலத்துக்குள் ஒரகடம் டீக்கடைகளில் பாசிட்டிவ் சார் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை மண்ணூர் கூட்டுச்சாலையில் 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அதிலும் அதே சிரித்த படம். ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்து, துக்கம் விசாரித்தவர்களுக்கெல்லாம் அவர் இருக்கிறார் என்று சொல்லிச் சொல்லிக் கலைமதியின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

வார்டுக்கு மாற்றிய அன்று இசக்கிபாண்டி, கம்பெனியில் கேட்டுவந்த இதையெல்லாம் ஒன்றுவிடாமல் ரகுபதியிடம் சொன்னான். கலைமதி வேண்டாம் என்று ஜாடை காட்டினாள், அவன் நிறுத்தவில்லை.

"எத்தினி பேர் அழுதாங்க?" என்று கேட்டார் ரகுபதி.

இசக்கிபாண்டி மனதுக்குள் எண்ணிப் பார்த்தான். "நெசமா அழுதது மூணு பேரு சார். மத்தவங்க திங்கக்கெழம லீவு விடுவாவளான்னு கேட்டாவ."

ரகுபதி சிரித்தார். வாய்ப்புண் விண்விண்ணென்று தெறித்தது. கையில் குத்தியிருந்த ஊசி ஆடியது. நிறுத்த முடியவில்லை. கலைமதியும் சிரித்து, சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறி, எழுந்து குளியலறைக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவரும் அழுதார். இசக்கிபாண்டி ஊசி பிடுங்கிக்கொள்ளாதபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் தவணை சிக்கலில்லாமல் முடிந்தது. எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் நோய் தெரியவில்லை. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார்கள். 2013 தை முடிந்ததும் ரகுபதி வேலைக்குத் திரும்பினார். திங்கட்கிழமைப் பத்து நிமிடத்தை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டார். நல்லது என்ன நடக்கும் என்று கேட்பதை விட்டுவிட்டு, எது தளர்ந்து கிடக்கிறது என்று கேட்கத் தொடங்கினார். முதல் வாரமே பதினொரு புகார். மூன்றாவது வாரம் இராமச்சந்திரன் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவு அதிகம் என்று நிறுத்திவிட்டார்.

தலைமுடி மெல்ல வளர்ந்தது. முன்பு இருந்ததைவிட அடர்த்தியாக, சுருட்டையாக. ரகுபதிக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. சட்டைப்பையில் சீப்பு வைத்துக்கொண்டார். ஆடி மாதம் வந்ததும் கலைமதி மெதுவாக விஷயத்தை எடுத்தாள். அவர் பிழைத்தால் முடி காணிக்கை தருவதாக அவள் வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டியபோது அவர் தலையில் ஒரு முடிகூட இல்லை என்பது அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. கடன் கடன்தான் என்றாள்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டைக்குப் போனார்கள். மொட்டை போடும் இடத்தில் ரகுபதி துண்டைப் போர்த்திக் குனிந்தபோது, பக்கத்துப் பலகையில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். இசக்கிபாண்டி.

"நீயும் வேண்டிக்கினியா?"

"திருச்செந்தூருக்கு வேண்டியிருந்தேன் சார். போவணும்னு மூணு நாள் லீவு கேட்டேன். கெடைக்கல. இவரும் அவருதான்னு இங்க வந்துட்டேன்."

"யாரு குடுக்கல?"

"நீங்கதான். போன மாசம்."

ஆடிட் வேலையில், கட்டாக வந்த லீவு விண்ணப்பங்களில் பெயரைக்கூடப் பார்க்காமல் மறுத்துக் கையெழுத்துப் போட்டது ரகுபதிக்கு நினைவு வந்தது. தலையைத் தூக்கப் போனார். சவரக் கத்தி இருக்கிறது, அசையாதீர்கள் என்றார் நாவிதர். குனிந்தபடியே கேட்டார்:

"எப்ப வேண்டிக்கின?"

"பூந்தமல்லி சிக்னல்ல நிக்கும்போது."

"ஒன்னைப் பாத்தா அப்படித் தெரியலியேப்பா."

"வண்டிக்குள்ள அதையெல்லாம் சொன்னா மதினி பயந்திருவாவ," என்றான் இசக்கிபாண்டி.

இருவருடைய முடியும் ஒன்றாகக் கலந்து தரையில் விழுந்தது. கலைமதி இருவருக்கும் சந்தனம் பூசிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை கம்பெனி கேட்டில் இரண்டு மொட்டைத் தலைகள் ஒன்றாக நுழைந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்குள், பாசிட்டிவ் சாருக்கு நோய் திரும்பிவிட்டது என்றும், ரத்தம் கொடுத்த வகையில் அது இசக்கிபாண்டிக்கும் ஒட்டிக்கொண்டது என்றும் கேன்டீன் முழுக்கப் பேச்சாகிவிட்டது. யாரோ செல்லம்மாளிடம் சொல்லி அவள் கரண்டியைப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்திருந்தாள். ரகுபதி சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு, அவளிடம் விளக்கிச் சொல்ல எழுந்து போனார். சாம்பார் ஆறிவிடும் என்று இசக்கிபாண்டி அவருடைய தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினான்.